திருவாரூர்–காரைக்குடி ரயில்: பாதை அருமை, வண்டிதான் போதவில்லை

திருவாரூரில் ஏறினால் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி என்று ஒவ்வொரு ஊராகத் தொட்டுக்கொண்டு போய்க் காரைக்குடியில் இறக்கிவிடும் 149 கிலோமீட்டர் ரயில் பாதையைப் பற்றிய விமர்சனம் இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதை நன்றாக இருக்கிறது, பாலங்கள் புதுசு, பயணம் சுகமாக இருக்கிறது, டிக்கெட் விலை பஸ்ஸோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் இவ்வளவு செலவழித்துப் போட்ட பாதையில் உள்ளூர்க்காரர்கள் காலையில் போய் மாலையில் திரும்புவதற்குத் தேவையான வண்டிகள் ஓடவில்லை. தூரத்து ஊர்களுக்குப் போகும் எக்ஸ்பிரஸ்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, அதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி, ஆனால் அவை பெரும்பாலும் இரவில் நம் ஊரைக் கடந்துபோகிற வண்டிகள். பகலில் நமக்கென்று ஓடும் வண்டிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இந்தப் பாதை யாருடைய பணத்தில் வந்தது என்பது எங்கள் பகுதியிலேயே நிறைய பேருக்குத் தெரியாது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் பெரும்பாலான பாதைகளை லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள் போட்டன, அல்லது அரசாங்கம் போட்டது. இது அப்படி இல்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ஜில்லாவின் நிலக்காரர்களிடம் நிலவரியோடு சேர்த்துக் கூடுதலாக ஒரு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் போட்ட பாதை. மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894-ல் வண்டி ஓடத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் அது பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது. வண்டியை ஓட்டிக் கொடுத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பாதைக்குச் சொந்தக்காரர் ஜில்லா போர்டு. அறந்தாங்கியையும் காரைக்குடியையும் இணைத்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஆக, வயலில் நின்றவன் கட்டிய வரியில் உருவான பாதை இது. அந்தக் காலத்திலேயே ஒரு ஜில்லா தன் மக்களுக்காக ரயில் போட்டுக்கொண்டது என்பது சாதாரண விஷயமில்லை, இதைத் திருவாரூர் ஸ்டேஷனிலோ பட்டுக்கோட்டை ஸ்டேஷனிலோ பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மீட்டர் கேஜ், அதாவது பழைய குறுகிய தண்டவாளம் இருந்த காலத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது கம்பன் எக்ஸ்பிரஸைத்தான். சென்னை எழும்பூரில் ஏறினால் மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி வரை போகும் வண்டி. சென்னையில் கடை வைத்திருந்தவர்கள், படிக்கப் போனவர்கள், வெளிநாட்டுக்கு விமானம் ஏறப் போனவர்கள் எல்லாருக்கும் அதுதான் வண்டி. விழுப்புரம்–மயிலாடுதுறை–தஞ்சாவூர் மெயின் லைனில் அகலப்பாதை வேலை தொடங்கியதும் அது நின்றது. அப்புறம் 2012-ல் இந்தப் பாதையிலும் அகலப்பாதை வேலைக்காக மீட்டர் கேஜ் வண்டிகள் முழுக்க நிறுத்தப்பட்டன. பட்டுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வரையிலான பகுதி திரும்பத் திறந்தது 2018 மார்ச்சில். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வரையிலான பகுதி 2019 ஜூனில். இடைப்பட்ட அத்தனை வருடங்களும் பேராவூரணியிலும் முத்துப்பேட்டையிலும் ரயில் என்ற ஒன்றையே பார்க்காமல் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேறு இதே பகுதியைத்தான் புரட்டிப் போட்டது, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் போயின. அந்த நிலைமையிலும் அடுத்த ஜூனில் வண்டி ஓட ஆரம்பித்தது என்றால் வேலை செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் வண்டி வந்தும் பயன் இல்லாமல் போன ஒரு காலம் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றி எழுத முடியாது. வழி நெடுகக் கிராமத்துச் சாலைகள் தண்டவாளத்தை வெட்டிக்கொண்டு போகின்றன, அதனால் ரயில்வே கேட்டுகள் ஏராளம். 2019-ல் வண்டியை விட்டபோது அந்த கேட்டுகளில் நிறுத்தப் போதிய ஆட்கள் இல்லை. என்ன செய்தார்கள் என்றால், கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும், முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார், வண்டி மெதுவாகக் கடந்து மறுபடி நிற்கும், கடைசிப் பெட்டியில் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அப்புறம் அடுத்த கேட். இப்படியே 149 கிலோமீட்டர். பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பஸ்ஸில் போனால் அதற்குள் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடலாம். ஏழு வருடம் காத்திருந்த மக்கள் ஆசையாக ஒரு நாள் ஏறிப் பார்த்துவிட்டு மறுநாள் பஸ்ஸுக்கே போய்விட்டார்கள், அதில் தவறு சொல்ல என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வட்டாரத்தில் ரயில் பழக்கம் விட்டுப்போனால் அது தானாகத் திரும்பி வராது. தண்டவாளம் போட்டதும் கூட்டம் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏழு வருடத்தில் மக்கள் பைக் வாங்கிவிட்டார்கள், கல்லூரிகள் சொந்த பஸ் விட்டுவிட்டன, வியாபாரிகள் லாரி ஷெட்டோடு கணக்கு வைத்துக்கொண்டார்கள். திறந்த முதல் வருடம்தான் அவர்களைத் திரும்ப இழுக்கக் கிடைத்த வாய்ப்பு. அந்த வருடம் கேட்டுக்குக் கேட் நின்று போனது, அடுத்த வருடம் கொரோனா வந்து மொத்தமாக நின்றது. பிறகு முன்னாள் ராணுவத்தினரை கேட் கீப்பர்களாக எடுத்து நிலைமையைச் சரிசெய்தார்கள், இப்போது வண்டி கேட்டுகளில் நிற்பதில்லை, நான்கு மணி நேரத்துக்குள் முழு தூரத்தையும் கடந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழைய பேர் இன்னும் போகவில்லை. "அதுல போனா ராத்திரி ஆயிடும்" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்: அந்தக் கதை முடிந்துவிட்டது, தைரியமாக ஏறுங்கள்.

சரி, பயணம் எப்படி இருக்கிறது?

எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்தது, 149 கிலோமீட்டருக்குள் நிலம் மூன்று தடவை மாறுவது. திருவாரூரில் கிளம்பி திருத்துறைப்பூண்டி வரை சுத்தமான டெல்டா. ஓடம்போக்கி, வெள்ளையாறு, அப்புறம் பெயர் தெரியாத வாய்க்கால்கள் ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டு பக்கமும் வயல். மாவூர் ரோடு, திருநெல்லிக்காவல், ஆலத்தம்பாடி, மணலி என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். சம்பா நடவு முடிந்த ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள், அந்தப் பச்சைக்கு நடுவில் வண்டி போகும்போது ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வராது. தில்லைவிளாகம், முத்துப்பேட்டை பக்கம் வந்ததும் காற்றே மாறிவிடும். கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உப்புக் காற்று வந்துவிடும். இங்கே தெற்கே இறங்கினால்தான் அலையாத்திக் காடும் காயலும். அதிராம்பட்டினம் வரை இந்தக் கடலோர நிலம், அதன் பிறகு பாதை உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் பட்டுக்கோட்டைக்கு ஏறுகிறது. பட்டுக்கோட்டையிலிருந்து ஒட்டங்காடு, பேராவூரணி வரை தென்னை. கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது மரமாகி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடும். இது கல்லணைக் கால்வாயின் கடைமடை, காவிரித் தண்ணீர் வந்து முடியும் இடம். ஆயிங்குடி, அறந்தாங்கி தாண்டியதும் செம்மண்ணும் கண்மாயும் பனையும் கருவேலமும், ஊர்களின் பேச்சே மாறிவிடுகிறது. வாளரமாணிக்கம், பெரியகோட்டை, கண்டனூர் புதுவயல், அப்புறம் காரைக்குடி. புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர், டெல்டாவில் விளைந்த நெல் ஆலைக்கு வந்து சேரும் திசையிலேயே நாமும் பயணம் செய்கிறோம் என்று யோசித்தால் இந்தப் பாதைக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

காலை வண்டியில் திருவாரூரிலிருந்து வருபவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் இடப்பக்கம்தான் விழும். கையில் சாப்பாடு, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் உள்ள சின்ன ஸ்டேஷன்களில் எதுவும் கிடைக்காது. வழியில் சில ஸ்டேஷன்கள் வெறும் நிறுத்தங்கள்தான், ஒரு நடைமேடை, ஒரு கொட்டகை, அவ்வளவுதான். வயதானவர்களைக் கூட்டிப்போனால் ஏறி இறங்கும் ஊரின் நடைமேடை எப்படி என்று முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது. அதேபோல இருட்டிய பிறகு சின்ன ஸ்டேஷனில் இறங்குவதாக இருந்தால் யாரையாவது வண்டியோடு வந்து நிற்கச் சொல்லுங்கள், ஆட்டோ கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

பகல் வண்டி டெமு, அதாவது தனி இன்ஜின் கிடையாது, டீசல் மோட்டார் வைத்த பெட்டியே இழுத்துக்கொண்டு போகும். முன்பதிவு இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். நீளமான பெஞ்சுகள், பெரிய ஜன்னல்கள், நல்ல காற்று. மோட்டார் பெட்டியில் சத்தம் அதிகம், அதனால் தூங்க நினைப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் நடுப்பெட்டியில் ஏறுவது நல்லது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் கட்டணம் என்று 30 ரூபாய் ஆக்கியிருந்ததை 2024 பிப்ரவரியில் பழையபடி குறைத்துவிட்டார்கள். இது பெரிய விஷயம். முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போகிற ஒரு குடும்பத்துக்கு 10 ரூபாய்க்கும் 30 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் வண்டியில் போவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்கிறது. டிக்கெட்டை செல்போனிலேயே எடுத்துவிடலாம், கவுன்ட்டர் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வருவோம். 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை வண்டி வந்தது, வாரத்தில் மூன்று நாள். விழுப்புரம், திருப்பாதிரிப்புலியூர், மயிலாடுதுறை வழியாக வந்து, இந்தப் பாதை முழுக்க ஓடி, காரைக்குடி, மானாமதுரை, அருப்புக்கோட்டை, விருதுநகர், திருநெல்வேலி, தென்காசி என்று சுற்றிக்கொண்டு செங்கோட்டைக்குப் போகிறது. சுற்று வழிதான், ஆனால் டெல்டாவையும் தென்மாவட்டங்களையும் நேராக இணைக்கிற வண்டி. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி வண்டி வாரம் இரண்டு நாள், கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியாக வருவது, வேளாங்கண்ணிக்கு வரும் கேரளத்து மக்களுக்கு அது வரம். செகந்திராபாத்–ராமேஸ்வரம் வாராந்திர வண்டியும் இந்த வழியாக ஓடியிருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 2025 ஏப்ரல் 6-ல் வந்தது. பாம்பன் புதிய பாலத்தைத் திறந்த அதே நாளில் தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டியையும் தொடங்கி வைத்தார்கள், தினசரி வண்டி. கம்பன் எக்ஸ்பிரஸ் நின்றதற்குப் பிறகு பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் சென்னைக்கு தினமும் ஒரு ரயில் கிடைத்தது இதில்தான். பண்டிகை நாளில் ஆம்னி பஸ் கேட்கிற காசைக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்களுக்குத் தெரியும் இதன் அருமை. குறை இல்லாமல் இல்லை. ஊருக்கு வரும்போது பட்டுக்கோட்டையில் நள்ளிரவை ஒட்டித்தான் இறங்க வேண்டும், சென்னைக்குப் போகும்போது விடிவதற்கு வெகு முன்னாலேயே தாம்பரத்தில் இறக்கிவிட்டுவிடும், முதல் லோக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். எழும்பூர் வரை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ராமேஸ்வரத்துக்குக் காலையில் போய்ச் சேர வேண்டும் என்று நேரம் வைத்த வண்டியில் நடுவழி ஊர்களுக்கு வசதியான நேரம் அமையாது, அதை நான் புரிந்துகொள்கிறேன்.

புரிந்துகொள்ள முடியாதது பகல் நிலைமையை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அதைச் சுற்றி எத்தனையோ கல்லூரிகளும் இருக்கின்றன, அறந்தாங்கியிலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. பட்டுக்கோட்டை சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சந்தை. முத்துப்பேட்டை தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். திருவாரூரில் மாவட்ட அலுவலகங்கள், அரசு மருத்துவக் கல்லூரி. இவ்வளவும் ஒரே தண்டவாளத்தில் கோர்த்திருக்கின்றன. இந்த ஊர்களுக்கு இடையே காலை ஏழிலிருந்து பத்துக்குள் இரண்டு பக்கமும் வண்டி, மாலை நான்கிலிருந்து எட்டுக்குள் இரண்டு பக்கமும் வண்டி, அவ்வளவு இருந்தால் போதும், சீசன் டிக்கெட் எடுக்க ஆள் வரும். ஒரு நாளில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யோசிக்க வேண்டிய பாதையில் யாரும் சீசன் எடுக்க மாட்டார்கள். வண்டி குறைவு என்பதால் ஆள் வருவதில்லை, ஆள் வருவதில்லை என்று காரணம் காட்டி வண்டி விடுவதில்லை. இந்தச் சுற்றை உடைக்க வேண்டியது பயணி இல்லை, வண்டி விடுகிறவர்கள்தான்.

திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் நடுவில் கிட்டத்தட்டச் சரிபாதியில் பட்டுக்கோட்டை இருக்கிறது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பட்டுக்கோட்டையை மையமாக வைத்து ஒரு ரேக், அதாவது ஒரு வண்டிக்கான பெட்டிகளின் தொகுப்பு, திருவாரூருக்கும் இன்னொரு ரேக் காரைக்குடிக்கும் நாள் முழுக்கப் போய்ப் போய் வந்தாலே போதும், முழு தூரம் ஓட வேண்டும் என்று அவசியம்கூட இல்லை. திருவாரூரில் மயிலாடுதுறை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வண்டிகளோடும் காரைக்குடியில் திருச்சி, மானாமதுரை வண்டிகளோடும் நேரத்தைப் பொருத்திவிட்டால் இந்த ஊர்கள் எல்லாம் ஒரு பெரிய வலையில் சேர்ந்துவிடும். ஒற்றைப் பாதைதான், எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிற்க கிராசிங் ஸ்டேஷன்களில்தான் இடம், அதை வைத்துத்தான் நேரம் போட முடியும், அந்தச் சிக்கல் எனக்கும் தெரியும். இருந்தாலும் பகலில் இவ்வளவு நேரம் காலியாகக் கிடக்கும் தண்டவாளத்தில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது.

வரப்போகும் மேம்பாடுகளில் முதலாவது மின்மயமாக்கல். திருவாரூரிலும் காரைக்குடியிலும் மின்கம்பி ஏற்கனவே வந்துவிட்டது, இரண்டு முனையிலும் மின்சார இன்ஜின்கள் ஓடுகின்றன, நடுவில் இந்த 149 கிலோமீட்டர்தான் டீசல். அதனால் தொலைதூர வண்டிகள் வழியில் இன்ஜின் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கம்பி இருக்கும் பாதையிலும் டீசலிலேயே வர வேண்டும். நேரம் போகிறது, செலவும் கூடுகிறது. இந்தப் பாதைக்கும் மின்மயமாக்கலுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அது முடிந்தால் எக்ஸ்பிரஸ்களைவிட உள்ளூர் வண்டிகளுக்குத்தான் லாபம் அதிகம் என்பது என் கருத்து. டெமு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், மெமு, அதாவது மின்சாரத்தில் ஓடும் அதே மாதிரி வண்டி, சட்டென்று வேகம் எடுக்கும். இருபதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் உள்ள பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிச்சமாகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, தஞ்சாவூர், திருச்சியிலிருந்து வரும் மெமுக்களை அப்படியே பட்டுக்கோட்டை வரை நீட்ட முடியும், திருவாரூரில் இறங்கி மாறி ஏறும் வேலை இருக்காது. கம்பி போடுவது மட்டும் போதாது, கம்பி வந்த மறுமாதம் ஓட்டுவதற்கு மெமு ரேக் ஒதுக்கியிருக்க வேண்டும். 2019-ல் பாதை தயாராக இருந்தது, கேட் கீப்பர் தயாராக இல்லை. அது மறுபடி நடக்கக் கூடாது.

திருவாரூர், காரைக்குடி ஸ்டேஷன்கள் ஸ்டேஷன்களை மேம்படுத்தும் அம்ரித் பாரத் திட்டத்தில் இருக்கின்றன, முகப்பு, வண்டி நிறுத்துமிடம், நடைமேடைக் கூரை என்று வேலைகள். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள். ஆனால் எனக்கு முகப்பைவிட முத்துப்பேட்டையிலும் பேராவூரணியிலும் நடைமேடை முழு நீளத்துக்கும் நிழல் இருப்பது முக்கியம். சித்திரை வெயிலில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்புறம் புதிய பாதைகள். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை, மன்னார்குடி–பட்டுக்கோட்டை. இரண்டுமே அறிவித்துப் பல வருடங்கள் ஆகின்றன, தண்டவாளம் ஒரு அடிகூட விழவில்லை. இது ஏன் முக்கியம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் அதிராம்பட்டினமும் தஞ்சாவூர் மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் தஞ்சாவூரில், பெரிய ஆஸ்பத்திரியான மருத்துவக் கல்லூரி தஞ்சாவூரில். ஆனால் ரயிலில் தஞ்சாவூருக்குப் போக வேண்டுமென்றால் கிழக்கே திருவாரூர் வரை போய், அங்கிருந்து திரும்ப மேற்கே வர வேண்டும். பட்டுக்கோட்டையிலிருந்து சாலையில் போனால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் முடிகிற வேலை. கடலோரமாகப் போட்ட பாதை, மக்கள் போக வேண்டிய திசையோ உள்நாட்டுப் பக்கம். ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூருக்கு ஒரு பாதை வந்தால் இந்தப் பகுதியின் ரயில் பயன்பாடே தலைகீழாக மாறிவிடும். நிலம் எடுப்பதுதான் தடை, நஞ்சை நிலத்தை விட்டுக்கொடுப்பது விவசாயிக்கு எளிதில்லை, அதற்கு நியாயமான விலை பேசி முடிக்க வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பேரை மட்டும் எழுதி வைப்பதால் ஒன்றும் நடக்காது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் கிளைப்பாதையும் 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திறந்தது, வேதாரண்யம் உப்புக்கான பாதை அது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இடம் போதாது. வேதாரண்யம் போகிறவர்கள் திருத்துறைப்பூண்டியில் இணைப்பு வண்டி நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், நேரம் பொருந்தாவிட்டால் பஸ்தான்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? நேரம் கையில் இருப்பவர்கள், பிள்ளைகளுக்கு டெல்டாவைக் காட்ட நினைப்பவர்கள், காரைக்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், எல்லாரும் ஒரு முறையாவது டெமுவில் முழு தூரம் போய்ப் பாருங்கள். சென்னை போக வேண்டிய பட்டுக்கோட்டை, அறந்தாங்கிக்காரர்கள் ராமேஸ்வரம் வண்டியைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள், பொங்கல், தீபாவளி என்றால் முன்பதிவு திறக்கும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு, உங்கள் நேரத்துக்கு வண்டி பொருந்தினால் மட்டும் சீசன் எடுங்கள் என்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். பொருந்தாதவர்கள் உங்கள் ஊர் ரயில் உபயோகிப்பாளர் சங்கத்தில் போய்ச் சேருங்கள். இந்தப் பாதைக்கு ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நிறுத்தமும் மனு மேல் மனு கொடுத்துத்தான் வந்திருக்கிறது. மனுவில் "கூடுதல் ரயில் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், காலை எத்தனை மணிக்கு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வேண்டும், எத்தனை பேர் சீசன் எடுக்கத் தயார் என்று கையெழுத்தோடு எழுதுங்கள். அடுத்த கால அட்டவணை போடுவதற்கு முன்னால் அது கோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.